காட்ஸில்லா: ஒரு ராட்சத விலங்கும் அதன் பொருள்களும்

காட்ஸில்லா, ஜப்பானின் தோஹோ நிறுவனம் 1954-இல் படைத்த திரைப்பட ராட்சத விலங்கு. ஜப்பானியர் இதனைக் கோஜிரா என்பர். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றியுள்ளது. அணுகுண்டின் உருவகமாகத் தொடங்கிய இது, போரில் மாண்டவர்களின் ஆவி, தொழிற்சாலை மாசை எதிர்க்கும் காவலன், தனித்திருக்கும் சிறுவனின் துணை, அரசின் கையாலாகாமையை வெளிக்காட்டும் பேரிடர் எனப் பல பொருள்களை ஏற்றது. நகரங்களை அழிப்பதும், தானே மனிதச் செயலால் காயப்பட்டிருப்பதும் முதல் படத்திலேயே இதன் இரு இயல்புகளாக இருந்தன. பின்னர் வந்த பொருள்கள் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றைப் பற்றி வளர்ந்தவை.

தோற்றம்

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘டைகோ ஃபுகுர்யூ மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். படகின் வானொலித் தொடர்பாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீன்களிலும் கதிரியக்கம் கண்டறியப்படவே நாடெங்கும் அச்சம் பரவியது.

அந்த அச்சம் அடங்குமுன், நவம்பர் 3 அன்று ‘கோஜிரா’ வெளியானது. தயாரிப்பாளர் டொமொயுகி டனாகா; இயக்குநர் இஷிரோ ஹோண்டா; சிறப்புக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. கப்பல்கள் கடலில் தீப்பற்றி மூழ்குவதுடன் படம் தொடங்குகிறது. கதிரியக்க மீன் பற்றி ரயில் பயணிகள் பேசிக்கொள்ளும் காட்சியும் உண்டு. போர் முடிந்து நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் கண்டவர் ஹோண்டா. எரியும் டோக்கியோவும், நிரம்பி வழியும் மருத்துவமனையும், கதிர்வீச்சு அளவி வைத்துச் சோதிக்கப்படும் குழந்தையும் அன்றைய பார்வையாளர்களுக்குக் கற்பனையாகத் தோன்ற வாய்ப்பில்லை. வான்வழிக் குண்டுவீச்சு ஓய்ந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடலடியில் வாழ்ந்த தொல்விலங்கு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் வெளியே துரத்தப்பட்டது என்பது கதை. அதைக் கொல்லாமல் ஆராய வேண்டும் என்கிறார் தொல்லுயிரியல் அறிஞர் யமானே. அதைக் கொல்லவல்ல கருவியைக் கண்டுபிடித்த செரிசாவா, அது அடுத்த போராயுதம் ஆகிவிடும் என அஞ்சிக் குறிப்புகளை எரித்துவிட்டு, விலங்குடன் தானும் கடலடியில் மடிகிறார். சுமார் 96 லட்சம் பேர் ஜப்பானில் இப்படத்தைக் கண்டனர். 1956-இல் அமெரிக்காவில் வெளியான மாற்றுப் பதிப்பு, ரேமண்ட் பர் நடித்த பத்திரிகையாளர் பாத்திரத்தைச் செருகி, அணுச் சோதனை பற்றிய பேச்சைப் பெரிதும் குறைத்தது.

எதிரியிலிருந்து காவலனாக

1960-களில் காட்ஸில்லா மற்ற ராட்சத விலங்குகளோடு மோதத் தொடங்கியது. 1964-இல் வந்த மூன்றுதலை நாகம் கிடோராவின் படம் ஒரு திருப்பம். பூமியைக் காக்க அழைக்கப்படும் காட்ஸில்லா முதலில் மறுக்கிறது. மனிதர்கள் எப்போதும் தன்னை வெறுத்தே வந்திருக்கிறார்கள், அவர்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்கிறது. ராட்சத விலங்குக்கும் ஒரு மனக்குறை உண்டு என்ற எண்ணம் சிறுவர் ரசிகர்களிடம் எளிதில் ஒட்டிக்கொண்டது. 1969-இல் ஹோண்டா எடுத்த படத்தின் நாயகன், கவாசாகி ஆலை நகரில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட வீட்டில் தனித்திருக்கும் சிறுவன் இச்சிரோ. தெருவில் தன்னை அடித்து மிரட்டும் பையனை எதிர்கொள்ளும் துணிவை, கனவில் காட்ஸில்லாவின் மகன் மினில்லாவோடு பழகிப் பெறுகிறான்.

1971 ஜூலையில் ஜப்பான் சுற்றுச்சூழல் முகமையை நிறுவியது. அதே மாதம் வெளியான யோஷிமிட்சு பன்னோவின் படத்தில், ஆலைக் கழிவிலிருந்து உருவான ஹெடோராவோடு காட்ஸில்லா போரிட்டது. மினமாட்டா பாதரச நோயும் யொக்காய்ச்சி புகையும் செய்திகளில் இருந்த காலம் அது. அணுப் புகையில் பிறந்த விலங்கே ஆலைப் புகையை எதிர்த்தது. பின்னர் வரவேற்பு குறைந்து, 1975-ஆம் ஆண்டுப் படத்துடன் இத்தொடர் நின்றது.

மீண்டும் அச்சம்

1984-இல் காட்ஸில்லா மறுபடியும் எதிரியாகத் திரும்பியது. அதன் மீது அணு ஆயுதம் வீச அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அனுமதி கேட்க, ஜப்பானியப் பிரதமர் மறுக்கிறார். 1995-ஆம் ஆண்டுப் படத்தில் அதன் உடலே கட்டுமீறிய அணு உலையாகி, உருகி மடிகிறது.

1954-ஆம் ஆண்டுப் படத்தில் காட்ஸில்லா பேரரசர் அரண்மனையைத் தொடாமல் கடலுக்குத் திரும்புவதைச் சுட்டிய விமர்சகர் சாபுரோ கவமோட்டோ, அது பசிபிக் போரில் மாண்டோரின் ஆவி என்று வாசித்தார். 2001-இல் ஷுசுகே கனேகோ எடுத்த படத்தில், போரில் இறந்தோரின் ஆன்மாக்கள் குடிகொண்ட, கருமணியற்ற வெள்ளை விழிகளுடைய காட்ஸில்லா, நடந்ததை மறந்துவிட்ட ஜப்பானைத் தாக்குகிறது.

2011 நிலநடுக்கம், ஃபுகுஷிமா அணு உலை விபத்து ஆகியவற்றின் நிழலில் உருவானது ‘ஷின் காட்ஸில்லா’ (2016). ஹிடேயாக்கி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கிய இதில் அமைச்சர்களும் அதிகாரிகளும் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடத்த, விலங்கு நகரை நெருங்குகிறது. கடைசியில் நீள்கை வாகனங்களால் உறைபொருளை அதன் வாய்க்குள் செலுத்தி உறையவைக்கின்றனர். ஃபுகுஷிமாவில் பயன்படுத்தப்பட்ட எரிபொருளின் சேமிப்புக் குளங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சவும் இதுபோன்ற வாகனங்கள் பயன்பட்டன. டகாஷி யமசாகியின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ (2023) போர் முடிந்த ஆண்டுகளுக்கே திரும்புகிறது. தற்கொலைப் படைக் கடமையிலிருந்து நழுவி உயிர் பிழைத்த விமானியின் குற்றவுணர்வு அதில் காட்ஸில்லாவோடு பிணைந்துள்ளது. அரசு கைவிட்ட நிலையில், முன்னாள் கடற்படையினர் தாங்களாகவே திரள்கின்றனர். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதை 2024-இல் இப்படம் பெற்றது.

ரசிகர்களின் வாசிப்பு

ரசிகர்கள் எதைக் காட்ஸில்லா எனக் கருதுகின்றனர் என்பதை 1998 ஹாலிவுட் படம் மறைமுகமாகக் காட்டியது. ரோலண்ட் எமெரிக்கின் விலங்கு, பிரெஞ்சு அணுச் சோதனையால் உருமாறிய இகுவானா இனப் பல்லி. ராணுவத்தைக் கண்டு ஓடி, ஏவுகணைகளுக்குப் பலியாகிறது. ரசிகர்கள் அதைப் பெயரளவுக் காட்ஸில்லா என்று எள்ளினர். ஆயுதத்தால் விளைந்த கேட்டை மேலும் ஆயுதத்தால் தீர்க்க முடியாது என்பது 1954 முதல் கதையின் அடித்தளம். ஏவுகணைக்கு வீழும் விலங்கில் அது இல்லாமல் போனது. தோஹோ பின்னர் அதற்கு ‘ஜில்லா’ என்று வேறு பெயரிட்டு, 2004-ஆம் ஆண்டுப் படத்தில் அசல் காட்ஸில்லாவிடம் நொடிகளில் தோற்கவைத்தது.

கனத்த ரப்பர் உடைக்குள் நின்று நடித்த ஹருவோ நகாஜிமாவின் உழைப்பும், இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸ் நரம்பைத் தோல் கையுறையால் இழுத்து உண்டாக்கிய கர்ஜனையும் ரசிகர்களின் பற்றுக்கு மற்றொரு காரணம். திரையில் தெரியும் கைவேலையை அவர்கள் குறையாகக் கொள்வதில்லை. சிறுவயதிலிருந்தே ரசிகரான வரலாற்றாசிரியர் வில்லியம் சுட்சுய், ‘காட்ஸில்லா ஆன் மை மைண்ட்’ (2004) நூலில் இப்பற்றை ஆராய்ந்துள்ளார். சிகாகோ வட்டாரத்தில் நடைபெறும் ஜி-ஃபெஸ்ட் விழாவில் பல தலைமுறை ரசிகர்கள் கூடுகின்றனர்.

1984-ஆம் ஆண்டுப் படத்தில் காட்ஸில்லா தகர்த்த டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதி, 2015-இல் அதற்குச் சிறப்புக் குடியுரிமை வழங்கிச் சுற்றுலாத் தூதராகவும் நியமித்தது. அதற்கு மறு ஆண்டே வந்த ‘ஷின் காட்ஸில்லா’ டோக்கியோவை மறுபடியும் தீக்கிரையாக்கியது. ஜப்பானிய ரசிகர்கள் இரண்டையும் வரவேற்றனர்.