ஒன்பதில் ஒருவர்

செம்பரம்பாக்கம் ஏரியை அறியாதார் இலர். அதனை அடுத்த நசரத்பேட்டையில் பிறந்தவர்தாம் பக்தவத்சலம். 1963 முதல் முதலமைச்சராக வீற்றிருந்தவர், 1967 தேர்தலில், தம் வட்டாரமாம் திருப்பெரும்புதூர்த் தொகுதியிலேயே தோற்றார்! வீழ்ந்த கதை பலரும் சொன்ன கதை. எழுந்த ஆட்சியில் அமர்ந்தவர் யார் யார்? அதனையே நாம் இங்கு எண்ணிப் பார்ப்போம்.

1967 மார்ச் 6. அண்ணா, நெடுஞ்செழியன், கருணாநிதி, மதியழகன், கோவிந்தசாமி, சத்தியவாணி முத்து, மாதவன், சாதிக் பாட்சா, முத்துசாமி — ஒன்பதே பேர்! காஞ்சி நெசவாளர் குடியில் பிறந்தவர் தலைமை, ஆதித்திராவிட மக்களிடையே தோன்றிய அம்மையார் ஒருவர், இசுலாமியர் ஒருவர். கடவுள் பெயரால் அன்று, உளச்சான்றின் பெயரால் உறுதி கூறினார் அண்ணா. அரியணைக்கு உரியவர் இன்னாரே என்ற பழங்கணக்கு அன்று பொய்த்தது. பெருமைதான், மறுப்பாரில்லை.

ஆனால், பெண்கள் எத்தனை பேர்? ஒருவர்! 1957-இல் காமராசர் அமைத்த எண்மர் அவையிலும் ஒருவரே — லூர்தம்மாள் சைமன். சரி, தொடக்கம் என்போம். தொடக்கம் வளர்ந்ததா? 2021 மே திங்களில் பதவியேற்றோர், முதலமைச்சர் உள்ளிட்டு 34 பேர். அவருள் பெண்கள் இருவர்! ஒன்பதில் ஒருவர் என்ற பழைய அளவு நின்றிருந்தாலே, நால்வர் இருந்திருப்பர். ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் அவை பெருத்தது. பெண்ணின் பங்கோ சிறுத்தது!

சட்டம் தடுத்ததா? இல்லை. முதலமைச்சரின் அறிவுரைப்படி ஆளுநர் அமைச்சரை அமர்த்துகிறார் என்பதே அரசியல் சட்டத்தின் 164-ஆம் பிரிவு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், பேரவை உறுப்பினர் தொகையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது என்று எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. பெண்ணுக்கு வாயில் அடைக்கவில்லை. 2023-இல் நிறைவேறிய மகளிர் ஒதுக்கீட்டுச் சட்டமோ மன்றத்து இடங்களைப் பேசுகிறது, அமைச்சரவையைப் பேசவில்லை. ஆகவே, பட்டியல் எழுதும் கரமே பொறுப்பு!

செம்பரம்பாக்கம் அந்நாளில் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில்தான், 1929-இல் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. சொத்தில் சமபங்கு என்றவர் ஆட்சியில் அரைப்பங்கு கேட்க நாணுவானேன்?

தோழர்களே! அமைச்சர் பட்டியல் வெளிவரும் நாளில் வாழ்த்தொலி எழுப்புவது எளிது. எழுதுகோல் எடுங்கள், எண்ணுங்கள். தீர்மானம் மேடையில் முழங்கினால் போதாது. பட்டியலிலும் தெரிதல் வேண்டும்!