கறுப்புத் துணியும் மூவர்ணமும்: கொடி யாருக்கு எதிரில் நிற்கிறது?

1965ல் எங்கள் பெரியப்பாவுக்குப் பதினாறு வயது. அப்போது தருமபுரி தனி மாவட்டம் கிடையாது, சேலம் ஜில்லாவோடு இருந்தது. அந்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதிதான் பிரிந்தது. ஜனவரி 26 காலையில் பெரியப்பா ஒரு பழைய குடைத்துணியைக் கிழித்து, மூங்கில் குச்சியில் கட்டி, வீட்டுக் கூரையில் சொருகியிருக்கிறார். தாத்தா கதர் கட்டிய காங்கிரஸ்காரர். வெளியே வந்து பார்த்தவர் குச்சியைப் பிடுங்கி எறிந்தார். மகனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

"நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் தோணல. ஆனா அவர் அழுதது மட்டும் கண்ணுலயே நிக்குது" என்பார் பெரியப்பா.

பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, அமைப்புக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அதிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் கொடிப் பேச்சு அடிக்கடி வருகிறது. ஒருத்தருக்கு அது கருத்து, இன்னொருத்தருக்கு அது அவமரியாதை. கோட்டை எங்கே போடுவது? அதற்காகப் பழைய கதைகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

மூவர்ணமும் ஒரு காலத்தில் வில்லங்கக் கொடிதான்

இன்றைக்கு யாரும் கேள்வி கேட்காத மூவர்ணத்திலிருந்தே தொடங்கலாம். 1923ல் நாக்பூரில் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த சிவில் லைன்ஸ் பகுதிக்குள் காங்கிரஸ் கொடியோடு ஊர்வலம் போகக் கூடாது என்று 144 தடை போட்டார்கள். காரணம், 'பொது அமைதி'. தடையை மீறி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் போய்க் கைதானார்கள். கொடி சத்தியாகிரகம் என்று பெயர்.

1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போன குமரன் போலீஸ் அடியில் விழுந்தார், மறுநாள் இறந்தார். அதே மாதம் 26ஆம் தேதி ஆர்யா என்ற பாஷ்யம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் ஏறி மூவர்ணத்தைப் பறக்கவிட்டார். நம்ம பாப்பாரப்பட்டியில் 1925ல் கண்மூடிய சுப்பிரமணிய சிவா, அதற்கெல்லாம் முன்பே, 1908லேயே தேசத்துரோக வழக்கில் ஜெயிலுக்குப் போனவர். அன்றைய சட்டத்தின் கண்ணில் இவர்கள் எல்லாருமே ராஜவிசுவாசிகள் மனதைப் புண்படுத்தியவர்கள், அமைதியைக் கெடுத்தவர்கள். இதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

கறுப்பு வந்த கதை

1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணாவோ, இல்லை, அது இன்ப நாள் என்று அதே இயக்கத்துக்குள்ளிருந்தே எழுதினார். 1948ல் ஓமந்தூரார் ஆட்சி கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. 1955ல் இந்தித் திணிப்பை எதிர்த்து, ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிப்போம் என்று பெரியார் அறிவித்தார். முதல்வர் காமராசர் இந்தி திணிக்கப்படாது என்று உறுதி கொடுத்ததும் போராட்டத்தைத் தள்ளிவைத்தார்.

1957ல் சாதியைக் காப்பாற்றும் பிரிவுகள் இருக்கின்றன என்று சொல்லி அரசியல் சட்டத்தை எரிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உடனே சென்னை சட்டமன்றம் தேசிய அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று வருஷம் வரை சிறை. அந்த நவம்பர் 26ஆம் தேதி எரித்து ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். நாடு முழுமைக்குமான இதே மாதிரிச் சட்டத்தை நாடாளுமன்றம் 1971ல்தான் போட்டது. கொடி அவமதிப்புக்குத் தண்டனை என்ற விஷயத்தில் நம்ம மாநிலம் பதினாலு வருஷம் முன்னால் போயிருக்கிறது!

பிறகுதான் 1965. ஜனவரி 26லிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற அரசியல் சட்ட ஏற்பாடு நடைமுறைக்கு வரும் நாள். அதைத் துக்க நாளாக நடத்தவும், வீடுகளில் கறுப்புக் கொடி ஏற்றவும் திமுக முடிவு செய்தது. குடியரசு நாளின் புனிதத்தைக் கெடுக்க விடமாட்டோம் என்று முதல்வர் பக்தவத்சலம் எச்சரித்தார். அண்ணாவையும் ஆயிரக்கணக்கான தொண்டர்களையும் முன்கூட்டியே பிடித்து உள்ளே வைத்தார்கள். அதற்குப் பிறகு மாணவர் ஊர்வலம், தீக்குளிப்பு, துப்பாக்கிச்சூடு என்று மாநிலமே எப்படிக் கொதித்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

கூரையில் கறுப்புத் துணி கட்டுவதைப் பொறுத்துக்கொண்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. மொழிப் பிரச்சினை அதைவிடப் பெரியது. ஆனால் துணியைத் தடுத்து அந்தக் கோபத்தைத் தணிக்க முடியவில்லை என்பது மட்டும் உறுதி.

அப்புறம் என்ன ஆச்சு? 1967ல் அண்ணா முதல்வர். சுதந்திர தினத்தில் மாநில முதல்வர்களே கோட்டையில் தேசியக் கொடி ஏற்றும் உரிமையைக் கேட்டு வாங்கியவர் கருணாநிதி. 1974 ஆகஸ்ட் 15லிருந்து அது நடைமுறை. கறுப்புக் கொடி பிடித்த கட்சிதான் எல்லா மாநில முதல்வர்களுக்கும் மூவர்ணக் கயிற்றை வாங்கிக் கொடுத்தது. 1965ல் அந்தக் கறுப்புக் கொடியைப் பார்த்து "இது தேசவிரோதம், முடிந்தது கதை" என்று சொன்னவர்கள் இதை எதிர்பார்த்திருப்பார்களா?

கோர்ட் என்ன சொல்கிறது?

கொடி ஏற்றுவதும் ஒரு வகைப் பேச்சுதான். 2004ல் நவீன் ஜிந்தால் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேசியக் கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது கருத்துரிமையின் பகுதி என்று சொன்னது. கொடி பேசும் என்று ஒத்துக்கொண்டால், பிடிக்காததையும் பேசும் என்பதையும் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அப்போ, 'கலவரம் வரும்' என்ற வாதம்? அதற்கு ஒரு தமிழ்ப் படமே பதில் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தது. 1989ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. யாரோ ரகளை செய்வோம் என்று மிரட்டுவதால் பேசுபவரின் வாயை அடைக்கக் கூடாது, ரகளையைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால்...

இங்கே நிறுத்திவிட்டால் கணக்கு சுலபம். தருமபுரிக்காரனால் அப்படி நிறுத்த முடியாது.

நாயக்கன்கொட்டாயில் நக்சல்பாரி இயக்கத்து அப்பு, பாலன் நினைவுச் சின்னம் இருக்கிறது. செப்டம்பர் 12 வந்தால் செங்கொடி வரும், கூடவே போலீஸும் வரும். அதே வட்டாரத்தில்தான் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடங்களிலும் தலித் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அதற்குக் காரணம் கொடி இல்லை, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி எழுந்த வெறி. ஆனால் அப்படி எரிந்த ஒரு தெருவின் முனையில் நாளைக்கு யாராவது ஒரு சாதிக் கொடியை நட்டால், அதை வெறும் 'கருத்து' என்று அந்தத் தெருக்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? அங்கே கொடி சொல்வது, "நான் இங்கே இருக்கிறேன், ஜாக்கிரதை."

அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். அடிமை முறையைக் காக்கப் போர் செய்த தென்மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி தென் கரோலைனா சட்டமன்ற வளாகத்தில் பல பத்தாண்டுகள் பறந்தது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் கறுப்பின மக்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஜூலை 10 அன்று அதை இறக்கினார்கள். கவனியுங்கள், தனிமனிதர் தன் வீட்டு முற்றத்தில் அதே கொடியைக் கட்ட அங்கே தடையில்லை. அரசுக் கம்பத்திலிருந்துதான் இறக்கினார்கள்.

இதை வைத்து நான் போட்டுக்கொண்ட கோடு இது. தன் வீட்டுக் கூரையிலும் தன் கையிலும் இருக்கும் கொடி, எவ்வளவு கசந்தாலும், பேச்சு. அடுத்தவன் வாசலில், அதுவும் ஏற்கெனவே அடிபட்டவன் வாசலில் நடும் கொடி மிரட்டல். அரசுக் கம்பத்தில் ஏறும் கொடி எல்லார் பெயராலும் பேசுவது, அதனால் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியது. மனம் புண்பட்டதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கொடி எங்கே, யாருக்கு எதிரில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

புலிக்கொடி

இந்தக் கோடு தாங்குமா என்று பார்க்கக் கஷ்டமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1977ல் மதுரை ஓவியர் நடராசன் வரைந்த புலிச் சின்னத்திலிருந்து வந்த கொடியை 1990ல் விடுதலைப் புலிகள் தமிழீழத் தேசியக் கொடி என்று அறிவித்தார்கள். நவம்பர் 27 மாவீரர் நாளில் அதை ஏந்தும் ஒரு தாய்க்கு அது செத்துப்போன பிள்ளை. அதே 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அது இழந்த வீடு. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியோடு இறந்துபோனவர்களின் வீட்டாருக்கு அது வேறு. மூன்றுமே உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியாது.

இந்தியாவில் புலிகள் இயக்கத்துக்கு 1992லிருந்து தடை. புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ 2002ல் பொடா சட்டத்தில் கைதாகிப் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கமில்லாமல் வெறும் ஆதரவு தெரிவிப்பது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்றது. பிரிட்டனில் கோடு வேறு. அங்கே குர்திஷ் அமைப்பு ஒன்றின் கொடியைப் பிடித்தவர்கள் வழக்கில் 2022ல் உச்ச நீதிமன்றம், தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் எழும்படி கொடி பிடித்தாலே குற்றம், நோக்கம் பார்க்கத் தேவையில்லை என்றது.

என் கோட்டின்படி நோக்கம் பார்ப்பதுதான் சரி. நினைவுக் கூட்டத்தில் அழுதுகொண்டே கொடி பிடிக்கும் தாயையும், விரட்டப்பட்டு ஊர் திரும்பிய முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுச் சுவரில் அதைக் கட்டுபவனையும் ஒரே பிரிவில் போடும் சட்டம் இரண்டு பேருக்குமே நியாயம் செய்யாது.

போன வாரம் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி, "அப்போ தாத்தா உங்க கொடியப் பிடுங்கினது தப்புதானே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தப்பு எப்படி ஆகும்? கூரை அவரோடது. பிடுங்க அவருக்கு உரிமை இருந்துச்சு, அழவும் உரிமை இருந்துச்சு. போலீஸ்காரன் ஏறி வந்து பிடுங்கியிருந்தான்னா அதுதான் தப்பு. அப்போ எங்கப்பாவே அவன விட்டிருக்க மாட்டார்" என்றார்.