கேப் மேயின் மரவீடுகள்

நூற்றைம்பது ஆண்டு வயதுகூட நிரம்பாத மரவீடொன்றைச் சரித்திரச் சின்னம் என்றால், கற்கோயில்களைக் கண்டு பழகிய நேயர்கள் சற்றே வியப்படையலாம். ஆயினும், வீட்டை இடிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபொழுது ஊரார் யாது செய்தனர் என்பதும் சரித்திரமே. ஐக்கிய அமெரிக்காவில், நியூ ஜேர்சி மாநிலத்தின் தென்முனையிலுள்ள கேப் மே என்னும் சிற்றூரின் கதை அத்தகையது.

டெலவேர் குடாவும் அத்திலாந்திக் சமுத்திரமும் கூடுமிடத்தில் அமைந்த இவ்வூருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலடெல்பியா நகரத்துச் செல்வர்கள் கோடையைக் கழிக்க வந்தனர். முதலில் நீராவிக் கப்பலில், பின்னர் புகைவண்டியில். 1878 நவம்பரில் மூண்ட பெருந்தீ ஊரின் நடுப்பகுதியைப் பெரிய விடுதிகளோடு சாம்பராக்கியது. காங்கிரஸ் ஹால் என்னும் விடுதி மறு ஆண்டில் செங்கல்லால் எழுந்தது. ஏனையோரிற் பலர், தீயைக் கண்ட பின்னரும், மரத்தையே நாடினர். இயந்திர வாளால் அறுத்த பூவேலைப் பலகைகள், அகன்ற விறாந்தைகள், கூரிய முகடுகள், பலவகை வர்ணங்கள் என அவ்வீடுகள் அணிவகுத்தன. பின்னர் செல்வர்கள் அத்திலாந்திக் சிற்றி முதலிய வேறு கடற்கரைகளைத் தேடிப் போயினர். இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாமையால் கேப் மேயின் வீடுகள் தப்பி நின்றன. வறுமையே அவற்றுக்குக் காவலாயிற்று என்று சொன்னால் மிகையன்று.

1962 மார்ச்சில் வீசிய புயல் கடற்கரையை நொறுக்கியது. ஊரைப் புதுப்பிக்க மத்திய அரசாங்கத்தின் பணமும் வந்தது. பழையவற்றை அகற்றி மோட்டார் விடுதிகளும் வாகனத் தரிப்பிடங்களும் அமைப்பதே முன்னேற்றம் எனப் பலர் எண்ணினர். அவர்களை முற்றாகக் குறை கூறுவதும் நியாயமன்று. உப்புக்காற்றில் உக்கும் மரவீட்டுக்கு மீண்டும் மீண்டும் வர்ணம் பூசும் செலவு அதன் சொந்தக்காரருக்கன்றோ தெரியும்!

கரொலின் பிற்ஸ் என்னும் கட்டடக்கலை வரலாற்றாசிரியை அவ்வீடுகளை ஆராய்ந்து பதிவு செய்தார். அதன் பயனாக, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியப் பதிவேட்டில் ஊர் 1970இல் இடம்பெற்றது. அன்றைய மேயர் இதனை விரும்பவில்லை. அதே ஆண்டில், 1879இல் கட்டப்பெற்ற பிசிக் மாளிகை இடிபடும் நிலையை அடைந்தது. அதனை மீட்க ஊரார் ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான புரூஸ் மினிக்ஸ் 1972இல் மேயரானார். நகரசபை மாளிகையை வாங்கிச் சங்கத்தின் பொறுப்பில் விட்டது. 1976இல் கேப் மே தேசியச் சரித்திரச் சின்னம் எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றமையால் மட்டும் ஒரு வீடு காப்பாற்றப்படுவதில்லை. மத்திய அரசாங்கத்தின் பணமோ அனுமதியோ கலந்த வேலையாயின், பழைய கட்டடத்துக்கு நேரும் தீங்கு முன்னரே ஆராயப்படும், அவ்வளவே. சொந்தக்காரர் தம் சொந்தப் பணத்தில் தம் வீட்டை இடித்தால், பதிவேடு அவர் கையைப் பிடிக்காது. அதற்கு அவ்வூர் தானே சட்டம் இயற்றி, முகப்பை மாற்றவும் கட்டடத்தை இடிக்கவும் முன் அனுமதி பெறவேண்டும் என விதித்தல் வேண்டும். அயலவர் ஒருவர் சபையில் அமர்ந்து, மற்றவருடைய சன்னல் எவ்வாறிருக்கவேண்டும் எனத் தீர்ப்பளிப்பது சிற்றூரில் எளிதான காரியமா?

சின்னம் என்ற பட்டமும் எல்லாவற்றையும் காக்கவில்லை. 1908இல் திறக்கப்பட்டு, பிற்காலத்தில் கிறிஸ்டியன் அட்மிரல் எனப் பெயர்பெற்ற மாபெரும் கடற்கரை விடுதி 1996இல் இடிக்கப்பட்டது. காங்கிரஸ் ஹாலோ பழுதுபார்க்கப்பட்டு 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று ஊரில் நிலையாக வாழ்வோர் 3,000 பேருக்கும் குறைவு. மரவீடுகள் பல விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. வீட்டு விலையோ சாதாரண உழைப்பாளிக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.