ஜெயித்த டீமில் ஒரு ஆள் குறைகிறது

அனந்தபுரம் பக்கம் போனால், ஊர்ப் பெரியவர் யாரிடமாவது தேசிங்கு ராஜா கதையைக் கேட்டுப் பாருங்கள். ராஜாவைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னால், அவர் நண்பன் மகபத்கானைப் பற்றி இருபது நிமிஷம் சொல்வார்.

1714ல் ஆற்காடு நவாபின் படை செஞ்சிக்கு வந்தது. கல்யாணக் கோலத்தில் இருந்த மகபத்கான், அப்படியே எழுந்து ஓடிவந்து தேசிங்குக்காகச் சண்டை போட்டு உயிரை விட்டான் என்கிறது கதை. வந்த நவாபும் முஸ்லிம், மகபத்கானும் முஸ்லிம். ‘நீ அவங்க ஆளாச்சே’ என்று தேசிங்கு கேட்டதாக நான் கேட்ட கதையில் இல்லை.

அந்தக் கேள்வியை ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமில் கேட்டார்கள். அந்தக் கதைதான் இந்த வாரம்.

அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரெகான் மாநிலம். அங்கே கார்வாலிஸ் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் ஒரெகான் ஸ்டேட் காலேஜ். 1941ல் அந்தக் காலேஜ் டீம் மீது யாருக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஃபுட்பால் என்றால் நாம் ஆடுவது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரியை முட்டித் தள்ளிவிட்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம்.

முதல் மேட்சிலேயே தோல்வி. அப்புறம் கோச் லான் ஸ்டைனரின் பையன்கள் விஸ்வரூபம் எடுத்தார்கள். முந்தைய வருஷ சாம்பியன் ஸ்டான்ஃபோர்டை 10-0 என்று கவிழ்த்தார்கள். அந்த சீசனில் ஐந்து மேட்சுகளில் எதிர் டீம் ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை! நவம்பர் 29 அன்று பக்கத்து ஊர்ப் பரம வைரியான ஒரெகான் யுனிவர்சிட்டியை 12-7 என்று ஜெயித்ததும், மேற்குக் கடற்கரை சாம்பியன் பட்டம் கைக்கு வந்தது. அதோடு ரோஸ் பவுல் டிக்கெட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பாசடீனாவில் புது வருஷத்தன்று நடக்கிற ரோஸ் பவுல், காலேஜ் ஃபுட்பாலின் தீபாவளி. எதிரே டியூக் யுனிவர்சிட்டி. அந்த சீசனில் தோல்வியே காணாத டீம்.

எட்டே நாள்தான். டிசம்பர் 7, பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டது.

அடுத்து நம் தலையில்தான் குண்டு என்று மேற்குக் கடற்கரை நடுங்கியது. (சிரிக்காதீர்கள். 1942 ஏப்ரலில் இதே பயத்தில் நம் சென்னையே மூட்டை முடிச்சோடு காலியானது.) ஒரே இடத்தில் அத்தனை கூட்டம் கூடுவது ஆபத்து என்று ராணுவம் பாசடீனா மேட்சுக்குத் தடை போட்டது. ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்றது டியூக். வட கரோலினா மாநிலம் டர்ஹாம், நாட்டின் மறுகோடி. சுமார் 35 ஆயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில், பக்கத்து யுனிவர்சிட்டிகளிடம் பெஞ்சுகளைக் கடன் வாங்கிப் போட்டு 56 ஆயிரம் பேருக்கு இடம் செய்தார்கள்.

டீம் ரயில் ஏறுவதற்கு முன்னால், பிராக்டீஸ் நடக்கிற மைதானத்துக்கு எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தேடி வந்தது ஜாக் யோஷிஹாரா என்கிற பையனை. ஜப்பானில் பிறந்து, சின்னக் குழந்தையாக அமெரிக்கா வந்தவர். 35 மைலுக்கு மேல் நகரக் கூடாது என்று உத்தரவு. சீசன் முழுக்கக் கூடவே வியர்வை சிந்தியவரை விட்டுவிட்டு டீம் கிளம்பியது.

1942 ஜனவரி 1. டர்ஹாமில் மழை. ஜெயிக்கப் போவது டியூக்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. 14-14 என்று ஆட்டம் சமநிலையில் நின்றபோது பாப் டெத்மன் வீசிய பந்தைப் பிடித்துக்கொண்டு ஜீன் கிரே ஓடினார். மொத்தம் 68 கஜம்! ஆட்டம் முடிந்தபோது 20-16. ஒரெகான் ஸ்டேட்டுக்கு இன்றுவரை அது ஒன்றுதான் ரோஸ் பவுல் வெற்றி.

அப்புறம் இரண்டு டீம் பையன்களும் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள். நான்கு பேர் திரும்பவில்லை. அவர்களில் மூன்று பேர் டியூக், ஒருவர் ஒரெகான் ஸ்டேட். இத்தாலியில் டியூக்கின் சார்லஸ் ஹேன்ஸ் குண்டடிபட்டு மலையில் கிடந்தார். அவரைத் தேடித் தூக்கி வந்து காப்பாற்றியவர் யார் தெரியுமா? ஒரெகான் ஸ்டேட்டின் ஃபிராங்க் பார்க்கர். டர்ஹாம் மழையில் எதிரெதிரே மோதிக்கொண்ட அதே ஆசாமிகள்தான்!

யோஷிஹாரா?

மேட்ச் முடிந்து ஏழே வாரத்தில், பிப்ரவரி 19 அன்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டார். சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, படிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். யோஷிஹாராவின் குடும்பம் இடாஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனது.

1988ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20 ஆயிரம் டாலர். 1980களில் யோஷிஹாராவுக்கு ரோஸ் பவுல் மோதிரம் கிடைத்தது. படிப்பைப் பாதியில் விட்ட 42 ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்கு 2008ல் காலேஜ் கௌரவப் பட்டம் கொடுத்தது. அடுத்த வருஷம் யோஷிஹாரா இறந்துபோனார். பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் டேலி ஆகவே மாட்டேன் என்கிறது. ஆடாத ஒரு மேட்சை எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

அமெரிக்காக்காரன் அப்படித்தான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1962ல் சீனாவோடு நமக்குச் சண்டை வந்தபோது, அஸ்ஸாமிலும் மேற்கு வங்காளத்திலும் தலைமுறையாகக் குடியிருந்த சீன வம்சாவளிக் குடும்பங்களைப் பிடித்து ரயிலில் ஏற்றினோம். ராஜஸ்தானில் தேவ்லி முகாம். ஏறக்குறைய மூவாயிரம் பேர். குழந்தை குட்டிகளோடு, சிலர் வருஷக்கணக்கில் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு மோதிரமும் வரவில்லை, பட்டமும் வரவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். கோட்டையைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மதில் எவ்வளவு உயரம் என்று காட்டுங்கள். கூடவே மகபத்கான் கதையையும் சொல்லுங்கள்.