ஆகாயக் கப்பலின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் ஒரு திருவிழா நாளன்று, சிறுவன் ஒருவனுடைய கையிலிருந்து வாயு அடைத்த பலூன் நழுவிற்று. அது கல்வராயன் மலைப்பக்கமாக உயர்ந்து செல்வதை நான் பார்த்து நின்றேன். காற்றினும் இலேசான வாயு தன்னை அடைத்த பொருளை மேலே தூக்கும். இந்தத் தத்துவத்தைக் கொண்டு வல்லரசுகள் ஒரு காலத்தில் பெரும் போர்க்கருவியே சமைத்தன. ஆகாயக் கப்பல் என்று அதற்குப் பெயர். அதன் வரலாற்றில் நம் நாட்டில் பிறந்த ஆங்கிலேயர் இருவருக்கு இடம் உண்டு.

1900ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரியின்மீது செப்பலின் பிரபு தம் முதல் கப்பலைப் பறக்கவிட்டார். அதன் நீளம் 128 மீட்டர். அலுமினியச் சட்டகம், அதனுள் ஹைட்ரஜன் பைகள், உந்துவதற்கு எஞ்சின்கள். இவையே அதன் உறுப்புகள்.

முதலாம் உலகப் போர் மூண்டபோது, அந்நாளைய விமானங்களைவிட மிகுந்த பாரம் சுமந்து நெடுந்தொலைவு செல்ல வல்லதாயிருந்தது இக்கப்பல். 1915 ஜனவரி முதல் ஜெர்மானியர் இதனைக் கொண்டு இங்கிலாந்தின்மீது இரவில் குண்டு வீசினர். போர் முடிவதற்குள் 550 பேருக்குமேல் மாண்டனர். போர்க்களத்தைக் கண்ணாலும் காணாதவர்கள் படுக்கையிலேயே மடிந்தனர்.

ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றுவதாயிற்றே, ஒரு குண்டு பட்டால் எரியாதா என்று நீங்கள் கேட்கலாம். காற்றுடன் கலந்தாலன்றி அவ்வாயு எரியாது. சாதாரணக் குண்டு சிறு துளை செய்யும். வாயு சிறிது கசியும். கப்பலோ தன் வழியே போகும். பையைப் பிளக்கும் வெடிகுண்டுகளையும் தீமூட்டும் குண்டுகளையும் கலந்து சுடத் தொடங்கியது 1916இல்தான்.

குடகு நாட்டில் 1895இல் பிறந்து, பெங்களூரில் பயின்றவர் வில்லியம் லீஃப் ராபின்சன். 1916 செப்டம்பர் 3ஆம் நாள் விடியுமுன், லண்டன் அருகே எஸ்.எல். 11 என்ற கப்பலை அவர் தம் சிறு விமானத்தில் துரத்தினார். இருமுறை சுட்டும் பயனில்லை. மூன்றாம் முறை பின்புறத்தில் ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்டார், கப்பல் தீப்பிழம்பாயிற்று. லண்டன் மக்கள் ஆரவாரித்தனர். உள்ளே இருந்த 16 பேரும் மாண்டனர். ராபின்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆகாயக் கப்பலின் ரகசியம் அன்று வெளிப்பட்டுவிட்டது: அதைத் தூக்கிய வாயுவே அதன் கொள்ளியும் ஆயிற்று. அடுத்த ஆண்டில் லண்டனைத் தாக்கும் பணியைப் பெரும்பாலும் குண்டுவீச்சு விமானங்களே ஏற்றன.

இவ்வளவு கண்ட பின்பும் பிரிட்டன் ஆசையை விடவில்லை. பேரரசின் நாடுகளை இணைப்பதற்கென்று ஆர் 101 என்ற கப்பலைக் கட்டிற்று. வேண்டும்போது படைவீரரை ஏற்றவும் எண்ணியிருந்தது. பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் கராச்சியில் அதற்கென மாபெரும் கொட்டகை எழுந்தது. விமானத்துறை அமைச்சரான தாம்சன் பிரபு நாசிக்கில் பிறந்தவர். பேரரசு மாநாட்டுக்குள் இந்தியா வந்து திரும்பிவிட அவர் விரும்பினார். கப்பலை நீளமாக்கிய பின், ஒரே ஒரு சோதனைப் பயணந்தான் நடந்தது. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. 1930 அக்டோபர் 4ஆம் நாள் மாலை அது புறப்பட்டது. மறுநாள் விடியுமுன், மழையிலும் காற்றிலும் அலைக்கழிந்து, பிரான்சில் போவே நகருக்கருகே தரையில் மோதி எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். அமைச்சரும் அவர்களுள் ஒருவர். கராச்சிக் கொட்டகை தனக்குரிய கப்பலைக் காணவேயில்லை.

1937இல் அமெரிக்காவில் ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் கப்பலும் எரிந்தது. எரியாத ஹீலியம் நிரப்பிய கப்பல்களை அமெரிக்கக் கடற்படை மட்டும் 1962 வரை வைத்திருந்து, பிறகு கைவிட்டது.

மாணவர்களே! 1916இல் வெளிப்பட்ட குறையை 1930இல் அறியாதவர் எவருமில்லை. அறிந்தும் அவசரப்பட்டனர். மாநாட்டின் தேதியை மனிதர் குறிக்கலாம். அத்தேதிக்காகக் காற்றும் நெருப்பும் தம் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.