அசையும் சொத்தாக ஒரு வீடு

பி.காம். முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: நிலமும் வீடும் அசையாச் சொத்து, வண்டியும் நகையும் அசையும் சொத்து. கடன் பிரிவில் உட்கார்ந்து இத்தனை வருடம் பத்திரங்களைப் புரட்டிய எனக்கும் இந்தக் கோடு அழியாத கோடாகத்தான் தெரிந்தது. ஆனால் அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு மேலாக இந்தக் கோட்டின் மேலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர்தான் அவர்களுக்கு வீடு. விடுமுறைக்கு மட்டுமல்ல, வருடம் முழுக்க. நாலைந்து பிள்ளைகளோடு கூட.

பெரிய குடும்பம் இப்படி ஒரு வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? படுக்கை எத்தனை, சமையல் மேடை எவ்வளவு நீளம் என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும். சரித்திரத்தைப் பார்த்தால் விடை வேறு. எடை!

1840-களில் மிசௌரியிலிருந்து ஆரகன் போன குடும்பங்களை எடுத்துக் கொள்ளுங்கள். சுமார் 3,200 கிலோமீட்டர் தூரம், நான்கிலிருந்து ஆறு மாதப் பயணம். மாடு இழுத்த அந்தக் கூண்டு வண்டியின் பெட்டி ஏறத்தாழ 10 அடி நீளம், 4 அடி அகலம்தான். 1845-இல் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் எழுதிய வழிகாட்டி நூல், ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காபி, 10 பவுண்டு உப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னது. கூட்டினால் 390 பவுண்டு, அதாவது 177 கிலோ. வண்டி தாங்குவதோ ஆயிரம் கிலோ அளவுக்குத்தான். ஐந்து பெரியவர்களின் சாப்பாட்டிலேயே வண்டி கிட்டத்தட்ட நிறைந்துவிடும்! அதனால்தான் பெரிய குடும்பங்கள் இரண்டு மூன்று வண்டி கட்டினார்கள். அதனால்தான் வண்டி இருந்தும் பெரும்பாலானவர்கள் கூடவே நடந்தார்கள்.

வசதியை முதலில் பார்த்தவர்களும் இருந்தார்கள். 1846-இல் இல்லினாயிலிருந்து கிளம்பிய ஜேம்ஸ் ரீட், மனைவி, நான்கு பிள்ளைகள், நோயாளியான மாமியார் ஆகியோருக்காகத் தனியாக ஒரு பெரிய வண்டி செய்தார். பக்கவாட்டில் வாசல், உள்ளே அடுப்பு, மேலே படுக்கத் தளம் என்று அவர் மகள் பின்னாளில் எழுதினார். மாமியார் வழியிலேயே இறந்துபோனார். சியெர்ரா மலையைத் தாண்டும் முன்பே அந்த வண்டியையும் கைவிட வேண்டியதாயிற்று. டானர் கூட்டம் என்று சரித்திரத்தில் பெயர்பெற்ற அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் உயிர் தப்பவில்லை. (ரீட், அவர் மனைவி, நான்கு பிள்ளைகள் ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பது ஆறுதல்.) அத்தனைக்கும் காரணம் வண்டி அல்ல. தவறான குறுக்கு வழியும், தாமதமும், பனியும்தான். ஆனால் வழி மோசமானபோது முதலில் காலை வாரியது பாரம்.

அந்தப் பாதை நெடுக அடுப்பு, மேஜை, அலமாரி என்று குடும்பங்கள் இறக்கிப் போட்டவை கிடந்தனவாம். இதைப் படித்தபோது மாற்றல் உத்தரவு வந்ததும் நாம் சாமான் கட்டுவதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டுக்கல்லை ஊரிலேயே விட்டுவிட்டு, குத்துவிளக்கை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மோட்டார் வந்தபின் கதை மாறியது. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று காரோடு முகாமிடுபவர்களின் சங்கமே தோன்றிவிட்டது. 1929-இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன், சில நிமிடங்களில் விரிக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு கூடார டிரெய்லர் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். மழை வந்தது; கூடாரம் விரியவில்லை. திரும்பி வந்தவர் ஆறடி அகலம், ஒன்பதடி நீளத்தில் மரப்பெட்டி மாதிரி ஒன்றைச் செய்து, மறு வருடம் மோட்டார் கண்காட்சியில் 400 டாலர் விலையில் வைத்தார். நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? 'கவர்ட் வேகன்', அதே பழைய கூண்டு வண்டி! சில வருடங்களில் நாட்டின் மிகப்பெரிய டிரெய்லர் நிறுவனம் அதுதான். 1936-இல் வாலி பயாமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் அலுமினியத் தகட்டில் 'கிளிப்பர்' கொண்டு வந்தது. நான்கு பேர் படுக்கலாம், விலை 1,200 டாலர். எடை குறைய வேண்டும் என்பதற்காக விமானத் தொழிலின் நுட்பமே சாலைக்கு வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர், இருபது வருடத்தில் அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் டிரெய்லரில் வாழ்வார்கள் என்றார். அப்படி நடக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில், டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் மாதிரியான ஆயுத ஆலைகளுக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு டிரெய்லர்தான் கூரையாக நின்றது. போர் முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய வீரர்களும் மனைவி, குழந்தையோடு அதில் குடியிருந்தார்கள். வேலை எங்கேயோ அங்கே வீடு. நமக்குப் புரியாத விஷயமா?

நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பெருகவே, 1950-களின் நடுவில் விஸ்கான்சினில் எல்மர் ஃப்ரே பத்தடி அகல வண்டியைக் கொண்டு வந்தார். அதுவரை எட்டடிதான். அங்கேதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமானது 'மொபைல் ஹோம்' ஆகி ஓரிடத்தில் நின்றுவிட்டது. 1976-இல் அதற்குத் தனிக் கட்டுமான விதிகளும் வந்தன. குறுகலானது 'டிராவல் டிரெய்லர்' என்று ஊர்சுற்றுபவர்களுக்கான வண்டியாகவே இருந்துவிட்டது. பெரிய குடும்பம் இன்று அதில் குடியேறும்போது வரும் சிக்கலுக்கெல்லாம் வேர் இந்தப் பிரிவுதான். பல நிறுவனங்கள், முழுநேரக் குடியிருப்புக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதியே கொடுக்கின்றன. ஆனால் படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் இருந்தால் அதன் கடன் வட்டிக்கும் வீட்டுக் கடன் சலுகை கேட்கலாம் என்கிறது அமெரிக்க வருமான வரித்துறை. தயாரித்தவனுக்கு வண்டி, வரித்துறைக்கு வீடு!

எடைக் கணக்கு மட்டும் 1845-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடுக்குப் படுக்கை வைத்த 'பங்க் ஹவுஸ்' வண்டியில் பத்துப் பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும். பத்துப் பேரின் சாமானை அது தாங்குமா என்பது வேறு கேள்வி. ஒரு உதாரணம்: வண்டி ஏற்கக்கூடிய பாரம் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்குத் துணி, புத்தகம், பாத்திரம் ஆளுக்கு 50 கிலோ என்றால் 400. தண்ணீர்த் தொட்டி 190 லிட்டர் நிரப்பினால் இன்னொரு 190. மளிகைக்கு 80. மெத்தை, கருவிகளுக்கு 60. மொத்தம் 730. கணக்கு இடித்துவிட்டது. இதோடு, ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்காருவதைப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. எட்டுப் பேரும் இழுக்கும் வண்டியில்தான் உட்கார வேண்டும். அவர்கள் எடையோடு, டிரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுத்துவதையும் அந்த வண்டிதான் சுமக்க வேண்டும். எனவே முதலில் இழுக்கும் வண்டி, அடுத்தது பாரம், அதன்பிறகுதான் படுக்கை.

கடன்காரன் கண்ணோடு ஒன்று சொல்கிறேன். வீட்டு மனை பெரும்பாலும் ஏறும். சக்கரம் வைத்தது ஷோரூமை விட்டு வந்த அன்றே இறங்கும். நீண்ட தவணை போட்டால் சில வருடத்தில் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாகி நிற்கும். விற்று வெளியே வரவும் முடியாது. பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டுக்கு இது சின்ன ஆபத்து அல்ல. ஜெஸிக்கா ப்ரூடர் 2017-இல் எழுதிய 'நோமட்லாண்ட்' நூலில் வருபவர்கள் வயதான காலத்தில் வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குப் போனவர்கள். சக்கரம் சிலருக்குச் சுதந்திரம், சிலருக்குக் கடைசிப் புகலிடம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஊர் ஊராகப் போகும் நமக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கூண்டு வண்டிக்காரர்கள் கிளம்பும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, என்ன வேண்டும் என்பதல்ல, எது இல்லாமல் இருக்க முடியும் என்பது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதிவிட்டால், சக்கரம் உள்ள வீடானாலும் சரி, மூன்றாவது மாடி வாடகை வீடானாலும் சரி, தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரிதான்.