பத்துமலையும் சுண்ணாம்புக் கல்லும்

மலாய் மொழியில் 'பத்து' என்னும் சொல்லுக்குக் கல் என்பது பொருள். முருகப் பெருமான் கோயில் கொண்டருளும் பத்துமலை முழுவதும் சுண்ணாம்புக் கல்லால் ஆகியது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் ஆழமற்ற கடலடியில் படிந்து இறுகியதால் இக்கல் உண்டாயிற்று என்பது நிலவியல் அறிஞர் முடிபு.

இக்கல்லுக்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது மென்மை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில், கருங்கல்லின் முதன்மைக் கனிமங்கள் 6, 7 என நிற்க, சுண்ணாம்புக் கல்லின் கனிமமாகிய கால்சைட்டு 3-இல் நிற்கிறது. எனவே இது உளிக்கு எளிதில் இணங்கும். எகிப்தின் பெரிய பிரமிடு பெரும்பாலும் இக்கல்லால் எழுந்ததே.

இரண்டாவது, நீரில் கரையும் தன்மை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. கல்லின் வெடிப்புகளில் இறங்கிச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. பத்துமலைக் குகைகள் அவ்வாறு தோன்றியவையே.

மூன்றாவது, தீயில் மாறும் தன்மை. சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகும். அதனை நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலுள்ள அவ்வாயுவை மீண்டும் ஏற்றுக் கல்லாக இறுகும். தமிழகக் கோபுரங்களின் பழைய சுதைச் சிற்பங்கள் இவ்வியல்பால் நிலைத்தவை. களிமண்ணோடு சேர்த்து, 1,450 பாகை அளவில் சுட்டு அரைத்தால் சிமெண்ட் கிடைக்கும்.

இக்குகையில் கே. தம்புசாமிப் பிள்ளை முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். 1892-இல் முதல் தைப்பூச விழா நடைபெற்றது. 1920-இல் மரப்படிகளும், 1940-இல் 272 கான்கிரீட் படிகளும் அமைந்தன. 2006-இல் 42.7 மீட்டர் உயரத் திருவுருவம் எழுந்தது. அதற்கு 1,550 கன மீட்டர் கான்கிரீட் செலவாயிற்று. படிக்கும் திருவுருவத்திற்கும் உறுதி தந்த சிமெண்டும் சுண்ணாம்புக் கல்லின் வழிவந்ததே.

கட்டடத்திற்கு உதவும் இப்பண்பே இம்மலைக்குக் கேடாகவும் வந்தது. நெடுங்காலம் இக்குன்றின் பக்கங்களில் வெடி வைத்துக் கல் எடுக்கப்பட்டது; 1980-களில்தான் அப்பணி நிறுத்தப்பட்டது. அதற்குள் மலையின் ஒரு பகுதி மறைந்துவிட்டது.

இடிந்த மண்டபத்தை மீண்டும் எழுப்பலாம். பழுதுற்ற சுதையைத் திருப்பணியில் புதுப்பிக்கலாம். அகழ்ந்தெடுத்த மலையை எந்தத் திருப்பணியாலும் மீட்க இயலாது. பத்துமலையில் கல்லே கருவறை, கல்லே விமானம். கோயிலைக் காத்தல் என்பது அங்கு மலையைக் காத்தலே ஆகும்.